நோட்டுக் காகிதத்தில் ஒரு வீடு

“இந்தக் கோடெல்லாம் யார் போட்டது?”

“எந்தக் கோடு சார்?”

“காகிதத்துல இருக்கே, நீலமா. ஒண்ணு, ரெண்டு, மூணு… மொத்தம் இருபத்து நாலு. இடது பக்கம் சிவப்பா ஒண்ணு நெட்டுக்குத்தலா நிக்குது. அதையும் சேர்த்தா இருபத்தஞ்சு. எல்லாத்தையும் உங்க மாமியாரா போட்டாங்க?”

“அது நோட்டோட வர்ற கோடு சார்.”

“அப்ப அவங்க போடலை.”

“அவங்க எதுக்குப் போடணும்? கடையில வாங்குறப்பவே கோடு இருக்குமே.”

“போடலைன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. நல்லது.”

கேட்டவர் முதல் ஜன்னல் குமாஸ்தா. பெரிய வழக்கில் ஜெயித்துவிட்டவர்போலத் தலையை ஆட்டிக்கொண்டு, எதிரே இருந்த கணினியில் ஒற்றை விரலால் அதைத் தட்டி ஏற்றினார். பதில் சொன்னவள் ஒரு பஸ் கண்டக்டர். காலை முறை வேலையை முடித்துவிட்டு, சீருடையைக்கூட மாற்றாமல், தோளில் தோல்பையோடு நேரே வந்திருந்தாள். நாள் முழுக்க ஓடுகிற வண்டியில் நின்றே பழகியவள் என்பதால், ஓடாத தரையில் நிற்கும்போது அவள் உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடும். ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பயத்தில் நடுங்குவதுபோலத் தெரியும். அந்த அலுவலகத்தில் அதை நல்ல பழக்கமாகவே கருதினார்கள்.

அலுவலகத்தின் முழுப்பெயர், கைப்பட எழுதிய உயில்கள் சரிபார்ப்பு அலுவலகம். நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஒரு பலகை. ‘கைப்பட எழுதிய உயில் சட்டப்படி செல்லும்’ என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். அதற்குக் கீழே ‘ஆனால்’ என்ற சொல் அரை ஆள் உயரத்தில். அதற்கும் கீழே எறும்பு ஊர்வதுபோல முப்பத்தோரு விதிகள். அவற்றைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். பூதக்கண்ணாடிக்கு விண்ணப்பம் நாலாவது ஜன்னலில் கிடைக்கும்.

“சட்டம் என்ன சொல்லுது?” என்றார் குமாஸ்தா. “கைப்பட எழுதின உயில்னா, அந்தக் காகிதத்துல இருக்கிறது மொத்தமும் எழுதினவங்க கைப்பட இருக்கணும். வேற யாரோட குறியும் இருக்கக் கூடாது. இங்க இருபத்தஞ்சு குறி இருக்கு.”

“கோடு எங்கயாவது வீடு கேட்குமா சார்?”

“கேட்காதுன்னு அது எழுதிக் குடுத்திருக்கா?”

படியில் தொங்கிக்கொண்டு வருகிறவனையும், தூங்கிவிட்டு இறங்குமிடத்தைத் தாண்டியதற்கு அவளைத் திட்டுகிறவரையும் ஒரே மூச்சில் சமாளிக்கிற வாய் கண்டக்டருடையது. “அப்ப எழுதி வாங்கிட்டு வரணுமா சார்?” என்றுதான் அது இப்போது கேட்டது.

வீடு என்று அவர்கள் பேசிக்கொண்டது மூன்றாவது மாடியில் இரண்டு அறைகள், துணி காயப்போட ஒரு சின்ன பால்கனி, இழுத்துச் சாத்தினால்தான் மூடுகிற ஒரு கதவு. அது அவள் மாமியாருடையது. மாமியார் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சமையலறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். எந்த நோயாளிக்கு என்ன சாப்பாடு என்று அட்டையில் எழுதிக் கட்டிலில் மாட்டுவது அவள் வேலை. அவளுக்கும் மருமகளுக்கும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில் தொடங்கி, டீ எவ்வளவு நேரம் கொதிக்கவேண்டும் என்பதுவரை எல்லாவற்றுக்கும் சண்டை. சண்டை போடவாவது ஆள் வேண்டுமே என்று இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டார்கள். ஏனென்றால் இருவருக்கும் நடுவில் இருக்கவேண்டியவன் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சவரக் கத்தி வாங்கிவரக் கடைக்குப் போனவன்தான், திரும்பவில்லை.

அவன் போனபோது அவனை அவள் ‘என்னங்க’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் மனசுக்குள் ‘அவர்’ என்றே நினைத்தாள். மூன்றாம் வருஷம் ஏதோ ஒரு நாளில் அது ‘அவன்’ ஆகிவிட்டது. எந்த நாள் என்று அவளுக்கே தெரியாது.

மாமியார் சாவதற்கு மூன்று மாதம் முன்பு, பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவளிடம் மடித்த காகிதம் ஒன்றை நீட்டினாள். “இந்தா, பத்திரமா வை. தொலைக்கிறதுல நீ கெட்டிக்காரி. என் மகனையே தொலைச்சவ.”

“தொலைஞ்சது உங்க வளர்ப்பு, அத்தை. என்னைச் சொல்லாதீங்க,” என்று சொல்லிவிட்டு அவள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

காகிதத்தில் இப்படி இருந்தது:

‘நான் நல்ல புத்தியோடு, யாரும் கேட்காமல், என் கைப்பட எழுதுவது. இந்த வீடு எனக்குப் பிறகு என் மருமகளுக்கு. அவள் போடும் டீயைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். என் மகன் வந்து கேட்டால் என் மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கவும். பெற்றவள் இருப்பது இத்தனை வருஷமாக அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. போட்டுப் பார்க்கட்டும்.’

கீழே தேதி, கையெழுத்து.

எல்லாம் முடிந்து பன்னிரண்டாம் நாள் மகன் வந்தான். முகத்தை மழமழவென்று சவரம் செய்திருந்தான். கத்தி கிடைத்துவிட்டது போலும். மூக்குக் கண்ணாடியை அவன் வாங்கிக்கொள்ளவில்லை. “அம்மா வீடு மகனுக்குத்தான். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு, ஆள் பார்த்து வச்சிருக்கேன்,” என்றான். உயில் செல்லும் என்று இந்த அலுவலகம் சொன்னால் வீடு அவளுடையது. செல்லாது என்றால் அவள் துணிமணியோடு தெருவில் நிற்கவேண்டும். மாசக் கடைசிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

அதனால் அவள் மறுநாளே நோட்டுத் தொழிற்சாலைக்குப் போனாள். காகிதத் தூள் பறக்கும் கூடத்தில், காதில் பஞ்சு வைத்திருந்த மேலாளர் அவள் சொன்னதை மூன்று முறை கேட்டுவிட்டு, பஞ்சை எடுத்துவிட்டு நாலாவது முறையும் கேட்டார். பிறகு, எதற்கு வம்பு என்று ஒரு கடிதம் தந்தார். ‘எங்கள் நிறுவனத்தில் தயாரான இருபத்து நாலு நீலக் கோடுகளும் ஒரு சிவப்புக் கோடும் மேற்படி வீட்டில் எவ்வித உரிமையும் கோரமாட்டா. அவை உயிலைத் தாங்கி நின்றது தொழில்முறையில்தான்.’

முதல் ஜன்னல் குமாஸ்தா அதைப் படித்து நெகிழ்ந்துபோனார். “இப்படி ஒழுங்கா எழுதிக் குடுத்தா எங்களுக்கு என்ன கஷ்டம்? நாங்க என்ன மனுஷங்க இல்லையா?” உருண்டை முத்திரை ஒன்றை மையில் தோய்த்து, உயிலின் வலது மூலையில் ஓங்கிக் குத்தினார். ‘பெறப்பட்டது.’

“உயில் மேலயே குத்துறீங்களே சார்.”

“பின்ன எங்க குத்துறது, உங்க மேலயா? ரெண்டாவது ஜன்னலுக்குப் போங்க.”

இரண்டாவது ஜன்னல் நிதானப் பிரிவு. எழுதும்போது எழுதியவருடைய புத்தி சரியாக இருந்ததா என்று பார்க்கிற இடம். அங்கே இருந்த அதிகாரி மெல்லிய குரல்காரர். தூங்குகிற குழந்தை பக்கத்தில் இருப்பதுபோலவே பேசுவார்.

“உங்களுக்கும் மாமியாருக்கும் எப்படிம்மா?”

“சண்டைதான் சார்.”

“தினமுமா?”

“லீவு நாள்ல கொஞ்சம் கூடுதலா.”

அவர் வருத்தத்தோடு தலையசைத்தார். “சண்டை போட்டவளுக்கு வீட்டை எழுதி வைக்கிறாங்க. இதுல நிதானம் எங்கம்மா இருக்கு?”

“அப்ப, பாசமா இருந்தோம்னு வச்சுக்கங்க.”

“பாசம் கண்ணை மறைச்சிடும். பாசத்துல எழுதினா அதுவும் நிதானம் இல்லை.”

“சண்டையும் இல்லை, பாசமும் இல்லைன்னா?”

“ஒண்ணுமே இல்லாதவங்களுக்கு யாராவது வீட்டைக் குடுப்பாங்களா? குடுத்தா அது பைத்தியக்காரத்தனம்.” அவர் இன்னும் தணிந்த குரலில், ஒரு குடும்ப ரகசியத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். “இந்தப் பிரிவு ஆரம்பிச்சு இருபத்திரண்டு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் முழு நிதானத்தோட செத்தவர்னு ஒருத்தரைத்தான் பார்த்திருக்கேன். அவர் உயில் எழுதலை.”

கண்டக்டர் தோல்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். “சார், எங்க அத்தை முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில யாருக்கு உப்பு போடணும், யாருக்குப் போடக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தவங்க. நிதானம் தப்பியிருந்தா அந்த ஆஸ்பத்திரியில ஒரு கட்டில்ல ஆள் மிஞ்சியிருக்க மாட்டான். உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருக்குன்னு வைங்க. எங்க அத்தை எழுதினதை நம்பிச் சாப்பிடுவீங்க. எழுதின வீட்டை மட்டும் நம்ப மாட்டீங்களா?”

அதிகாரிக்கு உண்மையிலேயே ரத்தக் கொதிப்பு இருந்தது. “எழுத்துல கொண்டு வாங்க,” என்றார்.

அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், பழைய பொருள் அறையில் அரை நாள் தும்மித் தும்மித் தேடி, மாமியார் எழுதிய அட்டைகளில் இருநூறைக் கட்டிக்கொண்டு வந்தாள். ‘உப்பு வேண்டாம்.’ ‘சூப் மட்டும்.’ ‘இவர் இனிப்பு கேட்டுக் கெஞ்சுவார், இரங்க வேண்டாம்.’ கடைசி வகை அட்டைகளைப் படித்தபோது அவளுக்கு மாமியார் பின்னால் நின்று சத்தம் போடுவதுபோலவே இருந்தது. நிதான அதிகாரி இருநூறையும் படித்தார். இனிப்பு அட்டையில் கொஞ்ச நேரம் தங்கினார். பிறகு சதுர முத்திரையை எடுத்து உயிலின் இடது மூலையில் குத்தினார். ‘நிதானம் பரிசீலிக்கப்பட்டது.’ இருந்தது என்றோ இல்லை என்றோ முத்திரையில் இல்லை.

“மூணாவது ஜன்னல் எழுத்து நிபுணர். அவர் உச்சி வேளைக்கு அப்புறம்தான் வருவார். உட்காருங்க.”

காத்திருப்புக் கூடத்தில் நீளமான பெஞ்சுகள் இருந்தன. உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல். அதில் தெரிகிற வானத்துண்டில் மேகம் ஒன்று நுழைந்து, வெளியேற அனுமதி கிடைக்காததுபோல நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பிளம்பர். அவருடைய அண்ணன் இறந்து நாலு வருஷம் ஆகிறது. அண்ணன் எழுதிய உயிலில் பேனா மை பாதியில் தீர்ந்து, வேறு பேனாவால் தொடர்ந்திருக்கிறார். முதல் பேனா எழுதிய பாதியில் ‘என் பட்டறையை என் தம்பிக்கு’ என்று இருக்கிறது. இரண்டாவது பேனா எழுதிய பாதியில் ‘கொடுக்கிறேன்’ என்று இருக்கிறது.

“முதல் பாதியை ஏத்துக்கிட்டாங்க. ரெண்டாவது பாதி விசாரணையில இருக்கு,” என்றார் பிளம்பர். “இப்போதைக்குப் பட்டறை எனக்கு. குடுக்கத்தான் இல்லை.”

அப்போது எதிர்ப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான் அவன். புதுச் சட்டை. காலரில் கடைக்காரர் குத்திய குண்டூசி இன்னும் இருந்தது.

“என்ன, நல்லா இருக்கியா?” என்றான், நேற்றுப் பிரிந்தவன்போல.

“குண்டூசி குத்தும். எடுத்துடு.”

அவன் கழுத்தைத் தடவிப் பார்த்தான். “உன்னை அலையவிடணும்னு எனக்கு ஆசையா? பேசாம சாவியைக் குடுத்துட்டா முடிஞ்சு போச்சு. அம்மா எழுதினதைப் படிச்சேன். பெத்த பிள்ளையைப் பத்தி எவளாவது அப்படி எழுதுவாளா? அதுலயே தெரியலையா, புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு?”

“நீ கடைக்குப் போனப்பவே அதைத்தான் சொன்னாங்க. அப்பவும் பேதலிச்சிருந்துச்சா?”

“வாய் மட்டும் அப்படியே இருக்கு உனக்கு.”

“அது ஒண்ணுதான் யார் பேர்லயும் எழுதாம எனக்கே இருக்கிற சொத்து.”

பிளம்பர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அவன் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தான். தாயின் மகன் தான்தான் என்று மெய்ப்பிக்க அவனும் ஐந்தாவது ஜன்னலில் வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. ஆனால் அங்கே பிறப்புச் சான்றிதழ் ஒன்று போதும். அது அச்சடித்தது. அச்சடித்ததை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டான்.

எழுத்து நிபுணர் ஒரு கண்ணில் லென்ஸோடு வந்தார், அதோடுதான் போவார். அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. உயிலையும் இருநூறு அட்டைகளையும் மேஜையில் பரப்பி, சாயங்காலம்வரை குனிந்திருந்தார். மறுநாளும் குனிந்திருந்தார். ஆறாம் நாள் நிமிர்ந்தார்.

“ரெண்டு எழுத்தும் ஒரே மாதிரி இருக்கும்மா.”

கண்டக்டர் மூச்சை விட்டாள். “ஒருத்தரே எழுதினா அப்படித்தானே சார் இருக்கும்.”

“அங்கதான் சந்தேகமே வருது. ஒருத்தர் எழுத்து அவர் எழுத்து மாதிரியே இருந்தா, யாரோ பார்த்து எழுதியிருக்கணும்.”

“வேற மாதிரி இருந்திருந்தா?”

“வேற யாரோ எழுதியிருக்கணும்.” அவர் லென்ஸ் கண்ணை அவள் பக்கம் திருப்பினார். அதில் அவள் தலைகீழாகத் தெரிந்தாள். “இதுக்கு ஒரே வழிதான். உங்க மாமியாரை ஒரு தடவை நேர்ல கூட்டிட்டு வாங்க. என் எதிர்ல உட்கார்ந்து ரெண்டு வரி எழுதட்டும்.”

“அவங்க இறந்துட்டாங்க சார். அதனாலதான் உயிலே.”

“இங்க வர்றவங்க எல்லாரும் இதே காரணத்தைத்தான் சொல்றீங்க,” என்றார் நிபுணர் சலிப்போடு. “ஒருத்தராவது வேற ஏதாவது சொல்ல மாட்டீங்களான்னு நானும் எத்தனை வருஷமா பார்க்கிறேன்.”

மறுநாள் காலை அவள் வேலைக்குத் திரும்பியபோது அவள் வண்டியில் ஒரு வினோதம் நடந்தது. முதியவர் ஒருவர் கசங்கிய சீட்டைக் காட்டி, எங்கே இறங்கவேண்டும் என்று தன் மகள் எழுதித் தந்ததாகச் சொன்னார். கண்டக்டர் அதை வாங்கிப் படித்தாள். இறங்குமிடம் வந்ததும் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். வண்டி நகர்ந்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்தச் சீட்டை எழுதியது மகள்தானா, எழுதியபோது மகளுடைய புத்தி சரியாக இருந்ததா என்று அவள் கேட்கவே இல்லை. எழுதியிருந்த இடத்தில் அவரை இறக்கிவிட்டாள், அவ்வளவுதான். அடுத்த நிறுத்தம்வரை அவள் யாருக்கும் டிக்கெட் கொடுக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, “என்னக்கா, யார் மேல கோபம்?” என்று கேட்டார்.

“இத்தனை நாளா யார் மேலயும் கோபமே வரலைடா. அதுதான் கோபம்,” என்றாள்.

மறுநாள் அவள் மூன்றாவது ஜன்னல் முன்னால் போய், வண்டியில் பின்னால் நிற்பவருக்குக் கேட்கிற குரலில் நிபுணருடைய கருத்தைக் கேட்டாள். பெஞ்சில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். குரலுக்குப் பயந்தோ என்னவோ, நிபுணர் அச்சிட்டுத் தந்தார். ‘இவ்வெழுத்து மேற்படியார் எழுதியதாக இருக்க வாய்ப்பில்லை என்று சொல்வதற்கில்லை.’ நீள்வட்ட முத்திரை ஒன்று உயிலின் நடுவில், ‘மருமகளுக்கு’ என்ற சொல்லின் மேலேயே விழுந்தது.

மாசக் கடைசி நாள். கோப்பு தலைமை அதிகாரியின் அறைக்குப் போனது. அகலமான மேஜை, மேஜையின் மேல் கண்ணாடி, கண்ணாடியின் மேல் தூசிகூட இல்லை. கண்டக்டரை உட்காரச் சொல்லவில்லை. அவளுடைய புருஷன் கதவோரம் நின்றான். நிபுணரும் நிதான அதிகாரியும் முதல் ஜன்னல் குமாஸ்தாவும், கடைசிக் கட்டத்தைப் பார்க்கிற ஆசையில், ஆளுக்கொரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றுகொண்டார்கள்.

தலைமை அதிகாரி நல்லவர். எல்லாச் சான்றிதழ்களையும் பொறுமையாகப் படித்தார். கோடுகளின் கடிதத்தை இரண்டு முறை படித்தார். “பிரமாதம்மா. நீங்க எவ்வளவு ஒத்துழைச்சிருக்கீங்க. இந்தக் கோப்பைப் புதுசா வர்ற ஆட்களுக்குப் பாடமா வைக்கலாம்.” பிறகு உயிலை எடுத்தார். அவர் முகம் மாறியது. திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது என்ன, உருண்டையா?”

“முத்திரை சார். உங்க முதல் ஜன்னல்.”

“இது சதுரமா?”

“ரெண்டாவது ஜன்னல்.”

“நடுவுல முட்டை மாதிரி?”

“அது மூணாவது.”

தலைமை அதிகாரி உயிலைக் கண்ணாடியின் மேல் மெதுவாக வைத்தார். இறந்தவரைக் கிடத்துவதுபோல இருந்தது. “சட்டம் தெளிவா இருக்கும்மா. எழுதினவங்க கையைத் தவிர வேற யாரோட குறியும் இருக்கக் கூடாது. இதுல மூணு குறி இருக்கு. மூணும் உங்க மாமியார் போட்டது இல்லை.”

“நீங்க போட்டது.”

“யார் போட்டதுன்னு சட்டம் கேட்கலை. இருக்கா இல்லையான்னுதான் கேட்குது.”

“நான் கொண்டு வந்தப்ப சுத்தமா இருந்துச்சே சார்.”

“உண்மை. அன்னைக்கு இது செல்லும். ஆனா அன்னைக்கு இது சரிபார்க்கப்படலையே. இப்ப முறையா சரிபார்த்தாச்சு. அதனால செல்லாது.” அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது. “தப்பா நினைக்காதீங்க. இந்த அலுவலகத்துக்கு வந்த எந்த உயிலும் இதுவரைக்கும் முத்திரை இல்லாம திரும்பினது கிடையாது.”

“இதுவரைக்கும் எத்தனை உயில் செல்லும்னு சொல்லியிருக்கீங்க?”

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு கணக்கு இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை போலிருந்தது.

“நீங்க எங்களைப் புரிஞ்சுக்கணும்,” என்றார் தலைமை அதிகாரி. “ஜனங்க வீட்ல உட்கார்ந்துகிட்டு மனசுல பட்டதை எழுதிடறாங்க. யாரைக் கேட்டு எழுதறாங்க? மாமியார் மருமகளுக்குங்கறா, அண்ணன் தம்பிக்குங்கறான். நாங்க ஒருத்தர் இல்லைன்னு வைங்க, செத்தவங்க ஆசைப்பட்டதெல்லாம் அப்படியே நடந்துடும்மா. நினைச்சுப் பாருங்க, அது எவ்வளவு ஆபத்து. அப்புறம் இந்த அலுவலகம் எதுக்கு, இத்தனை ஜன்னல் எதுக்கு? கைப்பட எழுதின உயிலை நாங்க மதிக்கிறோம். மதிக்கிறதாலதான் ஒண்ணைக்கூட வெளியே விடறதில்லை.”

நிதான அதிகாரி உணர்ச்சிவசப்பட்டு மூக்கை உறிஞ்சினார்.

மூலையில் இருந்த அச்சுப்பொறி முனகிவிட்டு ஒரு காகிதத்தைத் துப்பியது. ‘மேற்படி உயில் செல்லாது. மேற்படி மருமகள் மேற்படி வீட்டை மேற்படி மகனிடம் இன்றே ஒப்படைக்கவும்.’ கீழே தலைமை அதிகாரியின் கையெழுத்து இருந்தது. அதுவும் அச்சில்தான் இருந்தது.

“குடுங்க சார், நானே வாங்கிக்கறேன்,” என்று மேற்படி மகன் கதவோரத்திலிருந்து கையை நீட்டினான்.

“நில்லு,” என்றாள் கண்டக்டர். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எத்தனையோ வண்டிகளை நிறுத்திய சொல் அது. அவன் நின்றான்.

அவள் எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் உடம்பு ஆடுவது நின்றுவிட்டது. இப்போது பார்ப்பவர்களுக்கு நடுக்கமாகத் தோன்ற ஒன்றும் இல்லை.

“இதை யார் சார் எழுதினது?”

“நான்தான்.”

“நீங்க எங்க எழுதுனீங்க? அந்தப் பெட்டி எழுதிச்சு. நான் என் கண்ணால பார்த்தேன். எங்க அத்தை ஒரு ராத்திரி உட்கார்ந்து, கை வலிக்க, தன் மனசுல இருக்கறதைத் தானே எழுதினாங்க. அதை இல்லைன்னு சொல்ல ஒரு பெட்டி போதுமா?” மேஜை ஓரத்தட்டில் வெள்ளைக் காகிதங்கள் இருந்தன. கோடு போடாதவை. அவள் ஒன்றை உருவி அவர் முன்னால் வைத்தாள். பையிலிருந்து தன் பேனாவை எடுத்து அதன் மேல் வைத்தாள். “உங்க கைப்பட எழுதிக் குடுங்க. கைப்பட எழுதினது செல்லாதுன்னு. நான் இப்பவே சாவியைக் குடுத்துடறேன்.”

“அதிகாரி கைப்பட எழுதினா அது தாராளமா செல்லுமே,” என்று முதல் ஜன்னல் குமாஸ்தா ஆர்வத்தோடு ஆரம்பித்தார்.

“கைப்பட எழுதினது செல்லும்ங்கறீங்களா?” என்று அவள் திரும்பினாள்.

குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டார்.

“செல்லாதும்மா,” என்றார் நிதான அதிகாரி அவசரமாக.

“செல்லாதுன்னா இவர் எழுதப்போறதும் செல்லாது. நான் வீட்டுக்குப் போய் டீ போடறேன்.”

நிபுணர் எதையோ சொல்ல வந்து, லென்ஸைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் அவர் அதைக் கழற்றி எல்லாரும் பார்த்தார்கள். உள்ளே சாதாரணக் கண்தான் இருந்தது. வாசலில் பிளம்பர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் பெஞ்சுகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து, கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட காகிதங்களோடு, கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மேற்படி மகன் வெளியே போக வழி தேடினான், இல்லை.

“என்ன விளையாட்டும்மா இது,” என்றார் தலைமை அதிகாரி. அவருடைய கை பேனாவுக்குப் பக்கத்தில் வந்து, தொடாமல் நின்றது.

“விளையாடலை சார். எனக்கு அடுத்த வேலை நாளைக்குக் காலையிலதான், அவசரமே இல்லை. நிறுத்தி நிதானமா எழுதுங்க. யாரும் உங்க மேல முத்திரை குத்த மாட்டோம். ஒரு வரி போதும், கீழே தேதி போட்டு உங்க பேரை எழுதிக் குடுங்க.”